ஏழு கைச் சுழியைத் தேடி

ஃப்ராக்டல் ஓவியம் பழகத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் ஒரு படம் கிடைத்தது. நடுவில் ஒரு முடிச்சு, அதிலிருந்து ஏழு கைகள், ஒவ்வொரு கையிலும் மின்னல் கிளைப்பதுபோல் மெல்லிய இழைகள். ஒரு மூலையில் கறுப்பு மொட்டு ஒன்றின் விளிம்பு. 'சோதனை 14' என்று பெயர் போட்டுச் சேமித்துவிட்டு, இன்னும் ஆழமாகப் போய்ப் பார்க்கும் ஆசையில் நிரலை மூடித் திறந்தேன். இடக்குறிப்பை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. படம் கையில் இருந்தது, ஆனால் அது எந்த இடம் என்று தெரியவில்லை. இந்தப் பதிவு அந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடித்த கதை. நடுவில் நிரலை எப்படி எழுதினேன், எங்கெல்லாம் தவறினேன் என்பதும் வரும்.

முதலில் அடிப்படை. ஃப்ராக்டலைத் தமிழில் பகுவல் என்றும் எழுதுகிறார்கள். உருப்பெருக்கிக்கொண்டே போனாலும் புதுப்புது நுணுக்கம் வந்துகொண்டே இருக்கும் வடிவம் என்று புரிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும். நான் எடுத்துக்கொண்டது மாண்டல்பிராட் கணம். அதன் முழு விதியும் ஒரே வரிதான்:

ம ← ம² + ச

இங்கே ச என்பது படத்தில் ஒரு பிக்சலின் இடம், ஒரு கலப்பெண்ணாக. கிடைமட்ட தூரம் மெய்ப்பகுதி, செங்குத்துத் தூரம் கற்பனைப் பகுதி. ம பூஜ்யத்தில் தொடங்குகிறது. அதை வர்க்கப்படுத்தி ச-வைக் கூட்டி, வந்த விடையை மறுபடி வர்க்கப்படுத்தி, மறுபடி கூட்டி என்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போதாவது ம-வின் மட்டு மதிப்பு, அதாவது பூஜ்யத்திலிருந்து அதன் தூரம், 2-ஐத் தாண்டினால் அது இனித் திரும்பாது, முடிவிலிக்கு ஓடிவிடும். எத்தனையாவது சுற்றில் தாண்டியது என்ற எண்ணிக்கையை வைத்து அந்தப் பிக்சலுக்கு நிறம் கொடுக்கிறோம். நாம் வைத்த வரம்பு வரை தாண்டவே இல்லையென்றால் கறுப்பு; அந்தக் கறுப்புதான் கணம். இவ்வளவுதான். இந்த ஒரு வரியிலிருந்து இத்தனை வடிவம் எப்படி வருகிறது என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

முதல் நாள் வண்ணம் எதுவும் இல்லாமல், கறுப்புத் திரையில் நட்சத்திரக் குறிகளாகவே அச்சிட்டுப் பார்த்தேன். 78 எழுத்து அகலம், 30 வரி உயரம். பக்கவாட்டில் படுத்த இதயம் ஒன்றும், அதன் இடப்பக்கம் ஒட்டிய வட்டமும் தெரிந்தன. 1978-இல் கணிதவியலாளர்கள் ராபர்ட் புரூக்ஸும் பீட்டர் மடெல்ஸ்கியும் வரைந்த இந்தக் கணத்தின் முதல் படமும் இப்படி நட்சத்திரக் குறிகளால் ஆனதுதான். பெனுவா மாண்டல்பிராட் ஐபிஎம் ஆய்வு மையத்தில் இதை உற்றுப் பார்க்கத் தொடங்கியது 1980-இல். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் ஆலோசனை இதுவே: முதல் படத்தை எழுத்துகளாலேயே வரையுங்கள். வண்ணத்துக்கு முன்னால் வடிவம் சரியா என்று பார்த்துவிடலாம்.

எனக்கு வடிவம் உடனே சரியாக வரவில்லை. முதல் ஓட்டத்தில் இதயம் நசுங்கி, ஒரு பக்கம் சரிந்து வந்தது. காரணம் எளிது, ஆனால் கண்டுபிடிக்க ஒரு மாலை ஆனது. மெய்ப்பகுதிக்குப் புது மதிப்பைக் கணக்கிட்டு அதே பெட்டியில் போட்டுவிட்டேன். அடுத்த வரியில் கற்பனைப் பகுதியைக் கணக்கிடும்போது பழைய மெய்ப்பகுதி தேவை, ஆனால் அது அழிந்து போயிருந்தது. பழைய மதிப்பைத் தனியாக எடுத்து வைத்த பிறகு இதயம் நிமிர்ந்தது. மொழியிலேயே கலப்பெண் வகை இருந்தால், பைத்தானில் இருக்கிறது, இந்தத் தவறு வராது. நான் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இரண்டாகப் பிரித்து எழுதினேன். அதற்காக இப்போதும் வருந்தவில்லை.

சரி, நிரல் உண்மையிலேயே சரியாகக் கணக்கிடுகிறதா என்று எப்படி உறுதி செய்வது? படம் அழகாக இருந்தால் சரி என்று சொல்லிவிட முடியாது, தவறான நிரலும் அழகான படம் தரும். இதற்கு ஓர் அருமையான சோதனை இருக்கிறது. இதயமும் வட்டமும் தொட்டுக்கொள்ளும் புள்ளி −0.75. அதற்கு நேர் மேலே மிகக் கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளியை எடுத்து, அது தப்பியோட எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ண வேண்டும். 0.1 தள்ளினால் 33 சுற்று. 0.01 தள்ளினால் 315. 0.001 என்றால் 3143. 0.0001 என்றால் 31417. எண்ணிக்கையைத் தூரத்தால் பெருக்கினால் 3.3, 3.15, 3.143, 3.1417 என்று பை (π) மதிப்பை நெருங்கிக்கொண்டே போகிறது! 1991-இல் டேவ் போல் என்பவர் வேறு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்டது இது. வட்டத்தின் சுற்றளவோ பரப்போ வராத ஒரு கணக்கில் பை வந்து நிற்கிறது. என் நிரல் முதலில் ஒவ்வொன்றிலும் ஒன்று குறைவாகக் காட்டியது. எண்ணிக்கையை எந்த இடத்தில் தொடங்குகிறேன் என்பதில் பிழை. அதைத் திருத்தியதும் நான்கு எண்களும் அப்படியே வந்தன. அன்றிரவு அந்த நான்கு எண்களையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சிக்கல் வேகம். 800-க்கு 600 படம், 1000 சுற்று வரம்பு. பைத்தானில் கிட்டத்தட்ட அரை நிமிடம் எடுத்தது. ஒரு படத்துக்கு அரை நிமிடம் பெரிதில்லை. ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் உயிரே அலைந்து திரிவதில்தான் இருக்கிறது. சொடுக்கு, பார், பிடிக்கவில்லையா, பின்வாங்கு, வேறு இடம். ஒவ்வொரு சொடுக்குக்கும் அரை நிமிடம் காத்திருந்தால் அலையவே மனம் வராது.

நேரம் எங்கே போகிறது என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாண்டல்பிராட் கணத்தின் பரப்பு ஏறக்குறைய 1.506. என் சட்டகத்தின் பரப்பு ஒன்பது சொச்சம். அதாவது ஆறில் ஒரு பங்குப் பிக்சல்கள் கறுப்பு. அந்த எண்பதாயிரம் பிக்சல்களும் தப்பியோடாமல் 1000 சுற்றையும் முழுதாக ஓடுகின்றன: 8 கோடிச் சுற்று. வண்ணமாகத் தெரியும் மீதிப் பிக்சல்கள் பெரும்பாலும் சில பத்துச் சுற்றுகளிலேயே வெளியேறிவிடுகின்றன. நான் பார்க்கவே போகாத கறுப்புக்காகத்தான் கணினி உழைத்துக்கொண்டிருந்தது.

நல்லவேளையாக, அந்தக் கறுப்பில் பெரும்பகுதி இரண்டே வடிவங்களில் அடங்கிவிடுகிறது. பெரிய இதயத்தின் பரப்பு 3π/8, ஒட்டிய வட்டத்தின் பரப்பு π/16. இரண்டும் சேர்ந்து 1.37 சொச்சம், மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு. ஒரு புள்ளி இந்த இரண்டுக்குள் இருக்கிறதா என்று சுற்றாமலேயே சொல்லிவிட முடியும். வட்டத்துக்குச் சோதனை எளிது: −1 என்ற புள்ளியிலிருந்து கால் அளவு தூரத்துக்குள் இருக்கிறதா, அவ்வளவுதான். இதயத்துக்கும் இரண்டு வரியில் ஒரு சோதனை இருக்கிறது. மெய்ப்பகுதியிலிருந்து கால் கழித்து அதை அ என்று வையுங்கள். அ²-உடன் கற்பனைப் பகுதியின் வர்க்கத்தைக் கூட்டி அதை இ என்று வையுங்கள். இ × (இ + அ) என்பது கற்பனைப் பகுதி வர்க்கத்தின் கால் பங்கை மிஞ்சாவிட்டால் புள்ளி இதயத்துக்குள் இருக்கிறது. இந்தச் சில வரிகளைச் சேர்த்ததும் முழுப்படத்துக்கான நேரம் வெகுவாகக் குறைந்தது. அப்புறம் நம்பா என்ற நூலகத்தைக் கொண்டு அந்தச் சுற்றை இயந்திர மொழிக்கு மாற்றியதும் படம் கண் இமைப்பதற்குள் வந்தது. நம்பாவை முதலிலேயே போட்டிருக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் தாளில் கணக்குப் போட்டதால்தான் இந்த வடிவத்தில் எது எங்கே எவ்வளவு இருக்கிறது என்ற பிடி கிடைத்தது.

சொடுக்கி உருப்பெருக்கும் வசதியைச் சேர்த்தபோதுதான் இன்னொரு பிழை வெளியே வந்தது. முழுப்படத்தில் அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மேல்பாதியில் ஒரு சுழியைச் சொடுக்கினேன். பெரிதாகி வந்த சுழி எதிர்த்திசையில் சுற்றியது. மறுபடி சொடுக்கினால் நான் காட்டிய இடத்துக்கே போகவில்லை. காரணம் இதுதான்: கணிதத்தில் மேலே போகப்போகக் கற்பனைப் பகுதி கூடும். திரையிலோ முதல் வரிசை மேலே இருக்கிறது, வரிசை எண் கீழ்நோக்கிக் கூடுகிறது. நான் முதல் வரிசைக்குக் குறைந்த மதிப்பைக் கொடுத்திருந்தேன். அதாவது படம் முழுக்கத் தலைகீழ். மாண்டல்பிராட் கணம் கிடைக்கோட்டுக்கு மேலும் கீழும் கண்ணாடிப் பிம்பம் போல ஒத்திருப்பதால் தலைகீழாக நின்றாலும் முழுப்படத்தில் வேறுபாடே தெரியாது. உள்ளே நுழைந்தால்தான் தெரியும். ஒரு கழித்தல் குறியை மாற்றியதும் சரியானது.

சோதனை 14 இந்தப் பிழை இருந்த நாட்களில் எடுத்தது. அந்த விவரத்துக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது வண்ணம். சுற்று எண்ணிக்கை முழு எண். அதை அப்படியே நிறமாக்கினால் வரைபடத்தில் மலையின் உயரக்கோடுகள் போலப் பட்டை பட்டையாக வருகிறது. சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. கண் பட்டைகளின் விளிம்பிலேயே மாட்டிக்கொள்கிறது, இழைகளைப் பார்க்க விடுவதில்லை. இதற்குத் தீர்வு, எண்ணிக்கையைப் பின்னமாக்குவது. தப்பியோடும் நேரத்தில் ம எல்லையை எவ்வளவு தாண்டியிருக்கிறது என்பதிலும் தகவல் இருக்கிறது. எல்லையை ஒட்டித் தாண்டியிருந்தால் அடுத்த பட்டையை நெருங்கிவிட்ட புள்ளி, வெகுதூரம் தாண்டியிருந்தால் இந்தப் பட்டையின் தொடக்கத்தில் இருப்பது. ம-வின் மட்டு மதிப்புக்கு இயல் மடக்கை எடுத்து, அதற்கு இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுத்து, எண்ணிக்கையோடு ஒன்று கூட்டியதிலிருந்து கழித்தால் வழவழப்பான எண் கிடைக்கிறது. எல்லையை 2-இல் வைத்தால் மெல்லிய தழும்பு தெரிகிறது. 256-க்கு உயர்த்தியதும் அதுவும் போய்விட்டது. பை சோதனைக்கு மட்டும் எல்லை 2-ஆகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் எண்கள் மாறிவிடும்.

நிறத் தொகுப்புக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் கொசைன் அலை வைத்தேன். ஒவ்வோர் அலையும் தொடங்கும் இடத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தால் மாலை வானத்திலிருந்து கடல் ஆழம் வரை எல்லாம் கிடைக்கிறது. அலை என்பதால் தொகுப்பின் முடிவும் தொடக்கமும் இயல்பாகச் சேர்ந்துகொள்கின்றன. என் அனுபவத்தில், நிறம் குறைவாக இருந்தால்தான் படம் நிற்கிறது. வானவில்லின் ஏழு நிறத்தையும் இறைத்தால் எல்லாப் படமும் ஒரே படமாகிவிடுகிறது. இரண்டு நிறக் குடும்பம், நடுவில் ஒரு வெளிச்சம், அதுவே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆழமான இடங்களில் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் எகிறும். அங்கே எண்ணிக்கையை நேராகப் போடாமல் மடக்கை எடுத்துப் போட்டால் நிறங்கள் தாறுமாறாகச் சிதறுவதில்லை.

இழைகள் நொறுங்கித் தெரிவதற்கு மருந்து, ஒரு பிக்சலுக்குள் 3-க்கு 3 என்று 9 புள்ளிகளைக் கணக்கிட்டுச் சராசரி எடுப்பது. நேரம் ஒன்பது மடங்கு. இறுதிப் படத்துக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். சராசரி எடுக்க வேண்டியது நிறங்களுக்குத்தான், சுற்று எண்ணிக்கைக்கு அல்ல. நான் முதலில் எண்ணிக்கையைச் சராசரி எடுத்து, விளிம்புகளில் அங்கு இருக்கவே கூடாத நிறங்களை வரவழைத்தேன்.

இத்தனையும் ஆன பிறகு சோதனை 14-ஐத் தேடக் கிளம்பினேன்.

சுழி என்றாலே கடல்குதிரைப் பள்ளத்தாக்கு என்று நினைத்தேன். இதயத்துக்கும் வட்டத்துக்கும் இடையில், −0.75-ஐ ஒட்டி இருக்கும் அந்தக் குறுகலான இடுக்கில் கடல்குதிரையின் வால்போலச் சுருண்ட உருவங்கள் வரிசையாக நிற்கும். மூன்று மாலைகள் அங்கேயே அலைந்தேன். வழியில் அற்புதமான பல இடங்கள் கிடைத்தன, ஒவ்வொன்றின் இடக்குறிப்பையும் எழுதி வைத்தேன். ஏழு கை மட்டும் கிடைக்கவில்லை.

நான்காவது நாள் அலைவதை நிறுத்திவிட்டு அந்தப் பழைய படத்தையே உற்றுப் பார்த்தேன். இதயத்தின் விளிம்பைச் சுற்றி மொட்டுகள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொரு மொட்டின் உச்சியிலும் ஒரு கொம்பு, அதில் ஒரு முடிச்சு, முடிச்சிலிருந்து கைகள். அந்தக் கைகளின் எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. மொட்டின் உள்ளே ஒரு புள்ளியை எடுத்துச் சுற்றவிட்டால் ம குறிப்பிட்ட சில மதிப்புகளையே மாறி மாறிச் சுற்றி வரும். மூன்று மதிப்புகளைச் சுற்றினால் அந்த மொட்டின் முடிச்சில் மூன்று கைகள், ஐந்து என்றால் ஐந்து. மொட்டையும் முடிச்சையும் இணைக்கும் காம்பையும் ஒரு கையாகச் சேர்த்து எண்ண வேண்டும். என் படத்தில் ஏழு.

மொட்டு ஒட்டியிருக்கும் இடத்தைப் பின்னத்தால் குறிப்பார்கள். ஏழு கை என்றால் 1/7, 2/7, 3/7 என்று மேல்பாதியில் மூன்று மொட்டுகள், 4/7, 5/7, 6/7 என்று கீழ்ப்பாதியில் அவற்றின் பிம்பங்கள். ஒவ்வொன்றும் இதயத்தைத் தொடும் புள்ளிக்குச் சூத்திரம் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். 1/7-க்கு 0.367 மெய், 0.147 கற்பனை. 2/7-க்கு 0.114 மெய், 0.596 கற்பனை. 3/7-க்கு −0.606 மெய், 0.412 கற்பனை. ஒரு பரந்த சமவெளியில் தேடிக்கொண்டிருந்த எனக்கு இப்போது ஆறே முகவரிகள்.

ஆறில் எது என்று சொல்லவும் ஒரு வழி இருக்கிறது. பாஸ்டன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ராபர்ட் டெவனி விளக்கிய முறை இது. காம்பைப் பூஜ்யமாக வைத்து, அதற்கு அடுத்த கையிலிருந்து கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் கைகளை எண்ணிக்கொண்டே வர வேண்டும். மிகக் குட்டையான கை எத்தனையாவதாக வருகிறதோ, அதுவே பின்னத்தின் மேல் எண். சோதனை 14-இல் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாவது கைதான் மற்ற எல்லாவற்றையும்விடக் குட்டை. அப்படியென்றால் 5/7, கீழ்ப்பாதி.

ஆனால் அன்று நான் சொடுக்கியது மேல்பாதியில், அது நன்றாக நினைவிருந்தது. சற்று நேரம் குழம்பினேன். பிறகுதான் தலைகீழ்ப் பிழை ஞாபகம் வந்தது. அன்றைய நிரல் 2/7 மொட்டைத் தலைகீழாகக் காட்டியிருக்கிறது. தலைகீழாக்கினால் எதிர்த்திசையில் இரண்டாவது கை ஐந்தாவதாகிவிடும். நினைவும் சரி, படமும் சரி, நடுவில் இருந்த நிரல்தான் தவறு.

மெய் 0.114, கற்பனை −0.596 என்று உள்ளிட்டு, மொட்டின் உச்சியைத் தாண்டிக் கீழே, சற்றே வலப்பக்கம் நகர்த்தினேன். முடிச்சு வந்தது. ஏழு கைகள் வந்தன. பழைய படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து ஒவ்வோர் இழையாக ஒப்பிட்டேன். சட்டகத்தைக் கொஞ்சம் விரித்ததும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின.

இப்போது நிரல் ஒவ்வொரு படத்தையும் சேமிக்கும்போது மையம், அகலம், சுற்று வரம்பு, நிற அலைகளின் எண்கள் எல்லாவற்றையும் பிஎன்ஜி (PNG) படக்கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பு வகையில் படத்தோடு உரைக்குறிப்பும் சேர்த்துவைக்க இடம் இருக்கிறது. கோப்பைத் திரும்பத் திறந்தால் நிரல் நேராக அந்த இடத்துக்கே போய் நிற்கும். இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்குபவர் முதல் நாளே எழுத வேண்டிய பத்து வரி இது. வண்ணத்தையும் வேகத்தையும்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏழு கைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இப்போது உள்ளே போய்க்கொண்டிருக்கிறேன். கையின் நடுவே ஒரு குட்டி மாண்டல்பிராட் இருக்கிறது, அதன் விளிம்பிலும் மொட்டுகள், அவற்றிலும் முடிச்சுகள். சட்டக அகலம் ஒன்றின்கீழ் பத்தின் பதின்மூன்றாம் அடுக்கு அளவுக்குச் சுருங்கியபோது படம் சதுரம் சதுரமாக உடைந்தது. கணினி வழக்கமாகப் பயன்படுத்தும் இரட்டைத் துல்லிய எண்ணுக்கு 53 பிட்தான், ஏறக்குறைய 16 இலக்கம். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே வேறுபாடு காட்ட அதற்குமேல் இலக்கம் மிச்சமில்லை. எல்லாப் பிக்சலுக்கும் நீண்ட எண்களைப் பயன்படுத்தினால் நேரம் பல மடங்காகும். 2013-இல் கே. ஐ. மார்ட்டின் இதற்கு ஓர் அழகான வழி காட்டினார்: ஒரே ஒரு புள்ளியின் பாதையை மட்டும் நீண்ட எண்களால் கணக்கிட்டு, மற்ற பிக்சல்களுக்கு அந்தப் பாதையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை மட்டும் சாதாரண எண்களால் கணக்கிடுவது. விலகலுக்கான சூத்திரத்தைத் தாளில் விரித்து எழுதிவிட்டேன். அந்த ஒரு புள்ளியின் பாதை சரியாக ஓடுகிறது, விலகல் பகுதியில் சில பிக்சல்கள் இன்னும் ஒரே நிறத் திட்டாக வருகின்றன. இந்த வார மாலைகள் அதற்குத்தான்.